மூன்று டொக்டர்கள், ஒரு கர்ப்பிணி: மலையகக் குடும்ப வைத்தியர்களுக்குச் சில பதில்கள்

கூட்டாகக் கிளினிக் நடத்தும் குடும்ப வைத்தியர்களும் அவர்களோடு வேலை செய்பவர்களும் அனுப்பிய கேள்விகள் இவை. பதில் சொல்பவர், மலையகத்தில் நெடுங்காலம் குடும்ப வைத்தியராக இருந்து ஓய்வுபெற்றவர்.

பிரசவம் எப்படியும் வைத்தியசாலையில்தான் நடக்கிறது. குடும்ப நல உத்தியோகத்தர் (அரச மருத்துவிச்சி) வீட்டுக்கே போகிறார். இதில் எங்களுக்கு என்ன வேலை, ஐயா? (ஹட்டன், இளம் வைத்தியர்)

கனடா போன்ற நாடுகளில் குடும்ப வைத்தியர்கள் குழுவாகச் சேர்ந்து, முறை வைத்துப் பிரசவமும் பார்க்கிறார்கள். அதை இங்கே அப்படியே கொண்டுவர முடியாது, தேவையும் இல்லை. ஆனால் மாலை ஏழு மணிக்குக் காய்ச்சலோடும் சிறுநீர் எரிச்சலோடும் ஒரு கர்ப்பிணி எங்கே போவாள்? உங்களிடம்தான் வருவாள். கர்ப்பம் தரிப்பதற்கு முன்பும் அவள் உங்கள் கையில்தான் இருக்கிறாள். பிரஷருக்கு, கர்ப்பத்துக்கு ஆகாத எனலாப்ரிலோ லொசார்டனோ குடிக்கும் இளம் பெண்ணிடம் பிள்ளை பெறும் எண்ணம் உண்டா என்று கேட்டு, மருந்தை மாற்றிக் கொடுப்பது யார்? ஃபோலிக் அமிலத்தை முன்கூட்டியே தொடங்கச் சொல்வது யார்? கொழுந்துக்கூடை சுமந்து இடுப்பு வலியென்று வருபவளுக்கு, கர்ப்பமா, எத்தனையாவது மாதம் என்று கேட்காமல் டைக்ளோஃபெனாக் வலி ஊசி போடாமல் இருப்பதும் உங்கள் வேலைதான்.

ஒரே தாயை மூவரும் பார்க்கிறோம். ஒருவர் சொன்னதை மற்றவர் மாற்றிச் சொல்லிவிடுகிறோம். (பண்டாரவளை)

கூட்டுக் கிளினிக் கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான். வைத்திய அறிவு குறைந்து கெட்டுப்போன கிளினிக்கை நான் கண்டதில்லை.

ஒவ்வொரு தாய்க்கும் பொறுப்பான டொக்டர் ஒருவர் இருக்க வேண்டும். அவர் பெயர் கர்ப்பிணி அட்டையில் எழுதப்பட்டிருக்க வேண்டும். மற்றவர்கள் பார்க்கலாம், மருந்து கொடுக்கலாம். அவசரம் இல்லாத நேரத்தில் திட்டத்தை மாற்றுவதாக இருந்தால் அவரைக் கேட்டுத்தான் மாற்ற வேண்டும். உங்கள் கிளினிக்கின் துண்டுக் காகிதம் வேண்டாம். உத்தியோகத்தர் கொடுத்த அதே அட்டையில் எழுதுங்கள், வைத்தியசாலையில் அதைத்தான் விரித்துப் பார்ப்பார்கள்.

ஒரு கணக்கைப் பாருங்கள். 32ஆம் வாரம் பிரஷர் 110/70, பார்த்தவர் முதலாமவர். 34இல் 126/82, இரண்டாமவர். 36இல் 136/88, மூன்றாமவர். உயர் பிரஷர் என்று கொள்ளும் 140/90ஐத் தொடவில்லை என்று மூவருமே 'நோர்மல்' என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். மூன்றையும் ஒரே வரிசையில் பார்ப்பவர் அனுப்பமாட்டார். சிறுநீரில் புரதம் பார்ப்பார், தலைவலி உண்டா என்று கேட்பார், சில நாட்களிலேயே திரும்ப வரச் சொல்வார்.

இன்னொன்று: மூவரும் மூன்று பிரஷர் கருவிகளை வைத்திருந்தால் அந்த வரிசைக்கே அர்த்தமில்லை. ஒல்லியான கைக்குப் பெரிய பட்டியைச் சுற்றினால் அளவு குறைத்துக் காட்டும், பருத்த கைக்குச் சிறியதைச் சுற்றினால் கூட்டிக் காட்டும். பஸ்ஸிலிருந்து இறங்கி மேடேறி வந்தவளை ஐந்து நிமிடம் உட்காரவிட்ட பிறகு அளவெடுங்கள்.

இரவு அழைப்புகளால் வீட்டில் நிம்மதியே இல்லை. எனக்குக் கைக்குழந்தை இருக்கிறது. (தலவாக்கலை, பெண் வைத்தியர்)

உங்கள் சொந்த இலக்கத்தைத் தாய்மாருக்குக் கொடுப்பதை இன்றே நிறுத்துங்கள், மகள். கிளினிக்குக்கு ஒரு பொதுக் கைப்பேசி வாங்குங்கள். அது முறைப்படி கைமாறட்டும். அதை வைத்திருந்தவருக்கு மறுநாள் காலைக் கிளினிக் கிடையாது. இந்த ஒரு விதியை எழுதி வைக்காத குழு ஒரு வருடம்கூடத் தாங்காது. கைமாற்றும்போது 10 நிமிடம் வாய்விட்டுப் பேசுங்கள்: இன்றிரவு யாரைப் பற்றிக் கவலை, ஏன்? கைக்குழந்தை உள்ளவருக்குச் சில மாதங்கள் இரவு முறை இல்லை என்று மற்ற இருவரும் முடிவெடுக்கலாம். அதைச் சலுகை என்று சொல்லிக் காட்டாமல் செய்ய வேண்டும்.

இரவுத் தொலைபேசியில் வைத்தியம் பார்க்காதீர்கள். இரத்தப்போக்கு, பனிக்குடம் உடைதல், வலிப்பு, பார்வை மங்கலோடு கடும் தலைவலி, பிள்ளையின் அசைவு குறைதல் எதுவானாலும் பதில் ஒன்றுதான்: உடனே வைத்தியசாலை. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். ஆனால் அது தோட்டத்தின் எந்த இடம் வரை வரும்? தோட்டத்தின் பெயர் மட்டும் போதாது. எந்த டிவிஷன் (தோட்டப் பிரிவு), எந்த லயன் (தொழிலாளர் வரிசை வீடு), மழை நாளில் வாகனம் எதுவரை ஏறும், அங்கிருந்து தூக்கி வர யார் இருக்கிறார்கள் என்பதையெல்லாம் பகலிலேயே கேட்டு அட்டையின் பின்பக்கம் எழுதி வையுங்கள்.

நாங்கள் கொடுக்கும் இரும்பு மாத்திரையை டொக்டர்மார் நிறுத்திவிட்டு விலை கூடிய சத்து மாத்திரை எழுதுகிறார்கள். (ஒரு குடும்ப நல உத்தியோகத்தர்)

உங்கள் கோபம் நியாயம், மிஸ். வைத்தியர்களே, பகட்டான பெட்டியில் வரும் மாத்திரை பலவற்றில் இரும்பின் அளவு போதாது. ஹீமோகுளோபின் 11க்குக் கீழே இருந்தால் மாத்திரையை மாற்றுவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "எதோடு குடிக்கிறாய்?" தேயிலை நாட்டில் பதில் பெரும்பாலும் தெரிந்ததுதான். தேநீர் இரும்பை உடம்பில் சேரவிடாது. முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது தேநீர் வேண்டாம், கல்சியம் மாத்திரையும் வேறு நேரத்தில். மாதம் ஒரு முறையாவது இந்த மிஸ்ஸைக் கிளினிக்குக்கு அழைத்துப் பேசுங்கள். லயனுக்குள் நடப்பது அவருக்குத்தான் தெரியும்.

எங்களிடம் வந்துகொண்டிருந்த தாய் ஒருவர் வைத்தியசாலையில் இறந்துவிட்டார். அதன் பிறகு எங்கள் கூட்டாளி கர்ப்பிணிகளைப் பார்க்கவே மறுக்கிறார். (நுவரெலியா)

முதலில் "உங்கள் மேல் தவறில்லை" என்று அவசரமாகச் சொல்லாதீர்கள். அவர் நம்பமாட்டார், பிறகு நீங்கள் சொல்லும் வேறெதையும்கூட நம்பமாட்டார். நடந்ததை அவர் முழுதாகச் சொல்லி முடிக்கும்வரை கேளுங்கள்.

இலங்கையில் ஒவ்வொரு தாய் மரணமும் அறிவிக்கப்பட்டு மீளாய்வு செய்யப்படுகிறது. யாரைத் தண்டிக்கலாம் என்று தேடுவதற்கான கூட்டம் அல்ல அது. உங்களிடம் விவரம் கேட்டால் பதிவேட்டை இருந்தபடியே கொடுங்கள், ஒரு எழுத்தையும் திருத்தாதீர்கள். அந்தக் கூட்டத்துக்கு அவரைத் தனியாகப் போகவிடாதீர்கள். சில வாரங்கள் கர்ப்பிணிகளை மற்றவர்கள் பார்க்கட்டும், மற்ற நோயாளரை அவர் பார்க்கட்டும். திரும்பி வரும்போது சில நாட்கள் உங்களோடு பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். தூக்கம் கெட்டால், குடி கூடினால், மனநல வைத்தியரிடம் அழைத்துப் போங்கள். நோயாளிக்கு நாம் தயங்காமல் எழுதும் கடிதம்தானே.

வருமானத்தை எப்படிப் பிரிப்பது?

தாய் கணக்கில் பிரிக்காதீர்கள், 'என் நோயாளி, உன் நோயாளி' என்ற சண்டை வரும். வேலை செய்த வேளைக் கணக்கில் பிரியுங்கள். இரவுக் கைப்பேசியும் ஒரு வேளைதான்.

பிள்ளை பிறந்த பிறகு எங்கள் பொறுப்பு முடிந்துவிடுகிறதா? (பதுளை)

இல்லை. முதல் பத்து நாட்களில் உத்தியோகத்தர் வீட்டுக்குப் போவார். நீங்கள், வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கும் டயக்னோசிஸ் கார்டை ஒரு வாரத்துக்குள் கொண்டுவரச் சொல்லுங்கள். கர்ப்பத்தில் பிரஷர் இருந்தவளுக்குப் பிரசவத்துக்குப் பிறகும் ஏறலாம், வலிப்பும் வரலாம். மனச்சோர்வைக் கண்டறிய எடின்பரோ அளவுகோல் என்று பத்துக் கேள்விகள் உண்டு. மாமியாரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். பத்தாவது கேள்வி தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. சங்கடமாக இருக்கிறது என்று அதை விட்டுவிடுகிற வைத்தியர்கள் இருக்கிறார்கள். அதற்கு 'ஒருபோதும் இல்லை' என்பதைத் தவிர வேறு எந்தப் பதில் வந்தாலும், மொத்தப் புள்ளி எவ்வளவு குறைவாக இருந்தாலும், அன்றைக்கே மனநலப் பிரிவோடு பேசுங்கள். அவளைத் தனியாக வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.