அம்மம்மாவின் அலுமாரி திறக்கவில்லையா? பூட்டை உடைக்குமுன் கதவைப் பாருங்கள்

கேள்வி: கல்லடியில் கடற்கரைக்குக் கிட்ட இருக்கிறோம். அம்மம்மா காலத்து முதிரை அலுமாரி, இரட்டைக் கதவு. மார்கழி மழையோடு பூட்டு இறுகிவிட்டது. திறப்பு உள்ளே போகிறது, கொஞ்சம் சுற்றுகிறது, பிறகு அசைய மறுக்கிறது. காணி உறுதி உள்ளே கிடக்கிறது. ஸ்குரூ டிரைவரால் நெம்பலாம் என்கிறான் மகன். தேங்காய் எண்ணெய் விட்டால் சரிவருமா?

பதில்: முதலில் மகனிடமிருந்து ஸ்குரூ டிரைவரை வாங்கி வையுங்கள். நெம்பினால் பூட்டு விடுவதற்கு முன் கதவின் ஓரம் பிளந்துவிடும். முதிரையில் விழுந்த பிளவை மறைக்க நல்ல ஓடாவிக்கும் கஷ்டம். தேங்காய் எண்ணெயும் வேண்டாம். இன்றைக்கு வழுக்கும், கொஞ்ச நாளில் தூசியோடு சேர்ந்து பிசினாகி, அடுத்த மாரியில் இதைவிட மோசமாகப் பிடிக்கும்.

திறப்பு கொஞ்சம் சுற்றி நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது நல்ல செய்தி. துளைக்குள் திறப்பு சரியாக உட்காருகிறது என்று அர்த்தம். அப்படியானால் கோளாறு பூட்டில் இல்லாமல் கதவில் இருக்கவே சாத்தியம் அதிகம். மழைக்காலத்தில் பலகை ஈரம் குடித்து ஊதும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் அதே பலகை காய்ந்து சுருங்கும். ஊதிய கதவு ஒரு நூல் அளவு நகர்ந்தாலே போதும், பூட்டின் நாக்கு எதிர்க்கதவின் துளையில் பக்கவாட்டில் நெருக்குப்படும். அந்த நெருக்கம் விடாமல் திறப்பை எவ்வளவு முறுக்கினாலும் திறப்புத்தான் வளையும்.

ஆகவே அலுமாரியின் முன்னால் நின்று, இரண்டு கதவுகளின் மேல் ஓரத்தையும் பாருங்கள். ஒன்று மற்றதைவிடத் தாழ்ந்திருக்கிறதா? தாழ்ந்த பக்கத்து முன்காலைச் சற்று உயர்த்தி, அடியில் மெல்லிய பலகைத் துண்டு ஒன்றைச் செருகுங்கள். தனியாகச் செய்யாதீர்கள், பாரமான அலுமாரி முன்னால் சரிந்தால் ஆபத்து. ஒருவர் பிடித்துக்கொள்ள மற்றவர் செருக வேண்டும். நிலம் ஒரு பக்கம் இறங்கிய பழைய வீடுகளில் இந்தத் துண்டோடே பூட்டு விட்டுவிடுவதுண்டு. மேல் ஓரம் இன்னும் கோணினால் துண்டை எடுத்து அடுத்த முன்காலில் வைத்துப் பாருங்கள்.

அப்புறம் ஒருவர் திறப்பை இரண்டு விரலால் மட்டும் பிடித்து மெதுவாகத் திருப்ப, இன்னொருவர் கதவை உள்ளே தள்ளி, வெளியே இழுத்து, கீழிருந்து தூக்கி என்று மாற்றி மாற்றிப் பார்க்கட்டும். ஏதாவது ஒரு நிலையில் நாக்கு நழுவும். முதலில் பூட்டும் பக்கமாகச் சற்றுத் திருப்பிவிட்டுத் திரும்பி வருவதும் உதவும். குறட்டால் திறப்பைப் பிடிக்கவே கூடாது. உள்ளே முறிந்தால் அந்தத் துண்டை எடுப்பது தனிவேலை.

திறப்பையும் ஒருமுறை பாருங்கள். தண்டின் நுனி குழாய்போல ஓட்டையாக இருந்தால் அதற்குள் அழுக்கு அடைந்திருக்கும், ஊசியால் கிண்டி எடுங்கள். பல் தேய்ந்திருந்தால் அது வேறு கதை. 1778இல் ரொபர்ட் பரன் என்ற ஆங்கிலேயர் காப்புரிமை பெற்ற லீவர் முறைப்படி, உள்ளே இருக்கும் ஒவ்வொரு தகடும் குறித்த உயரத்துக்கே எழும்ப வேண்டும். கூடினாலும் குறைந்தாலும் நாக்கு நகராது. பழைய அலுமாரிகளில் லீவர் பூட்டு நிறைய உண்டு. தேய்ந்த பல்லால் தகட்டை அந்த உயரத்துக்குத் தூக்க முடியாது.

உப்புக் காற்று படும் இடம் என்பதால் கறளையும் தள்ளிவிட முடியாது. 6பி என்ற மென்மையான பென்சிலைத் திறப்பின் பல்லில் நன்றாகத் தேய்த்துப் பல தடவை உள்ளே விட்டு எடுங்கள். அதற்கும் மசியாவிட்டால் டபிள்யூடி-40 போன்ற கறள் நீக்கியை, அதன் மெல்லிய குழாயால், துளைக்குள் மிகக் கொஞ்சமாக விட்டு ஓர் இரவு பொறுங்கள். துளையைச் சுற்றித் துணி பிடியுங்கள். பழைய பொலிஷில் வழிந்தால் கறை விழும்.

இத்தனைக்கும் அசையாவிட்டால் பின்பக்கம் போங்கள். இரட்டைக் கதவு அலுமாரியில் பெரும்பாலும் ஒரு கதவை மேலும் கீழும் உள்தாழ்ப்பாள் பிடித்திருக்கும், மற்றக் கதவு அதனோடுதான் பூட்டப்பட்டிருக்கும். முதுகுப் பலகை ஒன்றிரண்டைக் கழற்றி, உள்ளே கைவிட்டு அந்தத் தாழ்ப்பாள்களை இழுத்துவிட்டால், பூட்டு பூட்டியபடி இருக்க இரண்டு கதவும் சேர்ந்து முன்னால் வரும். தட்டுகள் குறுக்கே வந்தால் எந்தப் பலகையைக் கழற்றுவது என்று யோசித்துச் செய்யுங்கள். பின்னாலிருந்து பார்க்கையில் இடமும் வலமும் மாறும், இதில் பலர் தடுமாறுவார்கள். ஆணி அடித்த பலகையை ஓடாவி ஒருவரைக் கொண்டு கழற்றுவது நல்லது. முகப்புக்கு ஒரு கீறலும் விழாது.

திறந்ததும் உறுதியை எடுத்துக்கொண்டு, கதவைத் திறந்து வைத்தபடியே திறப்பைச் சுற்றிப் பாருங்கள். லேசாகச் சுற்றினால் பூட்டில் பழுதில்லை, அதைக் கழற்றவும் வேண்டாம். அப்போதும் இறுக்கமாக இருந்தால் பூட்டைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடையுங்கள். புதுத் திறப்பு வெட்டுவதானால் தேய்ந்த திறப்பை மட்டும் கடைக்குக் கொடுக்காதீர்கள், அந்தத் தேய்வையும் சேர்த்தே வெட்டித் தருவார்கள். பூட்டையும் கொண்டு போங்கள். கதவு ஓரத்தைச் சீவச் சொல்லி இப்போதே ஓடாவியைக் கூப்பிடவும் வேண்டாம். மாரியில் சீவிய கதவு கச்சானில் விரல் நுழையும் இடைவெளி விடும். வைகாசி வரைக்கும் பூட்டாமல் சும்மா சாத்தி வையுங்கள், உறுதி வேறெங்காவது இருக்கட்டும். அதற்குப் பிறகும் உரசினால் உரசும் இடத்தை மட்டும் சீவலாம்.