கணினி கேள்வி–பதில்: எக்ஸ்எம்எல் கோப்புகளும் பைத்தானும்

கேள்வி: எங்கள் ஆலையின் கணக்கு மென்பொருள் தரும் நெல் கொள்முதல் பட்டியல் எக்ஸ்எம்எல் கோப்பாக (தரவைத் திறக்கும், மூடும் குறிகளுக்குள் எழுதிவைக்கும் உரைக்கோப்பு) வருகிறது. பைத்தான் நிரல்மொழியில் எல்எக்ஸ்எம்எல் என்ற நிரலகத்தை (ஆயத்த நிரல்களின் தொகுப்பு) கொண்டு அதைப் படிக்கும்போது, 'செல்லாத எழுத்து, மதிப்பு 4' என்று பிழை காட்டி நின்றுவிடுகிறது. பிழையைப் பொறுத்துக்கொண்டு படிக்கும் 'ரெக்கவர்' வசதியைப் போட்டால் தடையின்றி ஓடுகிறது. அப்படியே விட்டுவிடலாமா?
– அரிசி ஆலைக் கணக்கர், நீடாமங்கலம்

பதில்: விட்டுவிட வேண்டாம். கோப்பை நோட்பேடில் திறந்து தேடினால், சில பெயர்களுக்கு முன்னால் '&#4;' என்று இருப்பதைக் காண்பீர்கள். எண் 4 என்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டுப்பாட்டுக் குறி. 1998 பிப்ரவரி 10 அன்று இணையத் தரங்களை வகுக்கும் அமைப்பான டபிள்யூ3சி பரிந்துரையாக வெளியிட்ட எக்ஸ்எம்எல் 1.0 விதிப்படி, 32-க்குக் கீழுள்ள எண்களில் 9, 10, 13 ஆகிய மூன்றுக்கு மட்டுமே, அதாவது டேப்புக்கும் வரி முறிக்கும் குறிகள் இரண்டுக்கும் மட்டுமே, அனுமதி உண்டு. இத்தகைய பிழையைக் கண்டபின் வழக்கம்போல் மேற்கொண்டு படிக்கக் கூடாது என்பதும் அதே விதியில் இருக்கிறது. எனவே எல்எக்ஸ்எம்எல்லும், அதற்கு அடித்தளமாக உள்ள, க்னோம் என்ற லினக்ஸ் திரைமுகப்புத் திட்டத்துக்காக டேனியல் வெய்லார் உருவாக்கிய லிப்எக்ஸ்எம்எல்2-உம் உங்களிடம் முரண்டு பிடிக்கவில்லை. குற்றம் கோப்பை எழுதிய மென்பொருளுடையது.

'ரெக்கவர்' வசதியின் தொல்லை, எதைப் பொறுத்துக்கொள்வது என்று அதற்கு வரம்பு இல்லாததுதான். சம்பா அறுவடை நெருக்கடியில் மின்சாரம் போய், கோப்பு பாதியிலேயே அறுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 300 சீட்டுகளில் 180 மட்டுமே அதில் இருக்கும். கண்டிப்பான முறையில் படித்தால், மூடப்படாத குறி இருக்கிறது என்று நிரலகம் உடனே நிறுத்திவிடும். 'ரெக்கவர்' முறையிலோ, திறந்து கிடக்கும் குறிகளைத் தானே மூடி, 180 சீட்டுகளை உங்கள் கையில் கொடுத்துவிட்டு ஒன்றும் நடக்காததுபோல் இருந்துவிடும். பிழைப் பதிவில் ஒரு வரி எழுதி வைத்திருக்கும்தான். ஆனால் அதை யார் திறந்து பார்க்கிறார்கள்? மூட்டைக் கணக்கு குறைகிறதே என்று விவசாயி வந்து நிற்கும்போதுதான் விஷயம் வெளியே வரும்.

ஆகவே, தெரிந்த அந்த ஒரு குறையை மட்டும் நீக்கிவிட்டு, மற்றதைக் கண்டிப்பாகவே படிக்கச் செய்யுங்கள். கோப்பைச் சாதாரண எழுத்தாகத் திறந்து, '&#4;' என்பதை வெற்றிடமாக மாற்றிவிட்டு, பிறகு நிரலகத்திடம் கொடுக்கலாம். இங்கே ஒரு சிறு கண்ணி உண்டு. இத்தகைய கோப்புகள் சில யூடிஎஃப்-16 குறியாக்கத்தில் (எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் முறைகளில் ஒன்று) இருக்கும். அதே குறியாக்கத்தைச் சொல்லித்தான் திறக்க வேண்டும். மாற்றியபின் அதை மீண்டும் அதே குறியாக்கத்தில் பைட்டுகளாக்கிக் கொடுங்கள். முதல் வரியில் குறியாக்க அறிவிப்பு இருக்க, பைட்டுகளாக்காமல் எழுத்துச் சரத்தை அப்படியே நீட்டினால் எல்எக்ஸ்எம்எல் ஏற்காது.

திருப்பி எழுதும்போதும் இதே எச்சரிக்கை வேண்டும். சரங்களை ஒட்டி ஒட்டி எக்ஸ்எம்எல் தயாரிக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு, எனக்கும் இருந்தது. மண்டியின் பெயரில் இரு சொற்களுக்கு நடுவே '&' வந்த அன்றே அந்தக் கோப்பு செல்லாததாகிவிடும். நிரலகத்தின் வழியாக எழுதினால், அக்குறியை மாற்றி எழுதும் வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும்.

கேள்வி: பைத்தானுடன் வரும் எலிமெண்ட்ட்ரீ என்ற எக்ஸ்எம்எல் நிரலகத்தைக் கொண்டு எழுதிய கோப்பில், 'நெல்' என்ற சொல் '&#2984;&#3014;&#2994;&#3021;' என்று மாறிவிட்டது. கோப்பு கெட்டுவிட்டதா?
– கல்லூரி மாணவி, கும்பகோணம்

பதில்: கெடவில்லை. குறியாக்கம் எதையும் நீங்கள் சொல்லாதபோது அது ஆங்கில எழுத்துகளுக்கான பழைய குறியாக்கமான ஆஸ்கி என்று எடுத்துக்கொள்கிறது. ஆஸ்கியில் தமிழுக்கு இடமில்லாததால் எழுத்துகளை எண்களாக எழுதி வைக்கிறது. ந, எகரக் கொம்பு, ல, புள்ளி என்ற நான்கும் அதே வரிசையில் இருப்பதைப் பாருங்கள். கொம்பு கண்ணுக்கு முன்னால் தெரிந்தாலும் யூனிகோடில் ந-வுக்குப் பின்னால்தான் நிற்கிறது. எந்த நிரலகம் இதைப் படித்தாலும் 'நெல்' என்றே திரும்பக் கிடைக்கும். ஆனால் மனிதர் படிக்க முடியாது. யூடிஎஃப்-8-இல் 12 பைட்டுகளில் அடங்கும் சொல் 28 பைட்டுகளை அடைத்துக்கொள்கிறது. எழுதும் கட்டளையில் யூடிஎஃப்-8 என்று குறிப்பிட்டுவிடுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பு வேறு கதை: அது நிரலகத்துக்கு வெறும் ஆங்கில எழுத்துகளாகவே தெரியும், பிழையும் காட்டாது. அதை முதலில் யூனிகோடுக்கு மாற்றியே தீர வேண்டும்.

கேள்வி: பொதுமக்கள் சேர்ந்து உருவாக்கும் இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் எக்ஸ்எம்எல் தரவிலிருந்து வெண்ணாறு, வெட்டாறு பாயும் பகுதிகளின் வாய்க்கால்களை மட்டும் பிரித்தெடுக்க விரும்புகிறேன். தென்னிந்தியா முழுவதற்குமான கோப்பைத் திறந்தால் கணினி உறைந்துவிடுகிறது.
– பொறியாளர், திருவாரூர்

பதில்: கோப்பு முழுவதையும், வேரிலிருந்து கிளைக்கும் மரம்போன்ற அமைப்பாக, நினைவகத்தில் ஏற்றுவதால் வரும் வினை இது. 'இட்டர்பார்ஸ்' என்ற வழியில் ஒவ்வோர் உறுப்பும் முடியும்போது அதைப் பார்த்துவிட்டு, உடனே 'கிளியர்' செய்து மேலே போகலாம். இதில் வழக்கமாகத் தவறுகிற இடங்கள் இரண்டு. உள்ளிருக்கும் 'டேக்' உறுப்பு தான் முதலில் முடியும். அதை அங்கேயே துடைத்துவிட்டால், வெளியே உள்ள 'வே' (வாய்க்கால், சாலை போன்ற கோடு) முடியும்போது அது வாய்க்காலா சாலையா என்று சொல்லும் குறிப்பு இருக்காது. 'நோடு' (ஒரு புள்ளி), 'வே', 'ரிலேஷன்' (இவற்றின் தொகுப்பு) ஆகியவை முடியும்போது மட்டும் துடையுங்கள். அடுத்தது, துடைத்தபின்னும் காலிக் கூடுகள் வேரில் தொங்கிக்கொண்டே நினைவகத்தைத் தின்னும். அவற்றையும் வேரிலிருந்து நீக்க வேண்டும்.

இன்னொன்று, கோப்பில் ஆயங்களை (அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள்) கொண்ட நோடுகள் முதலிலும், அவற்றை எண்ணால் மட்டும் சுட்டும் வேக்கள் பிறகும் வருவது வழக்கம். ஆகவே ஒரே ஓட்டத்தில் முடிக்க முயலாதீர்கள். முதல் ஓட்டத்தில் வாய்க்கால்களையும் அவை சுட்டும் எண்களையும் குறித்துக்கொண்டு, இரண்டாம் ஓட்டத்தில் அந்த எண்களுக்குரிய ஆயங்களை மட்டும் எடுங்கள். நேரம் இரட்டிப்பாகும், கணினி உறையாது.

கேள்வி: இந்த நிரலகங்களைச் சேர்த்துக் கடைகளுக்கு மென்பொருள் செய்து விற்கலாமா?
– பட்டுக்கோட்டை வாசகர்

பதில்: தாராளமாக விற்கலாம். லிப்எக்ஸ்எம்எல்2 எம்ஐடி உரிமத்திலும், எல்எக்ஸ்எம்எல் பிஎஸ்டி உரிமத்திலும் கிடைக்கின்றன. உங்கள் மூல நிரலை வெளியிட வேண்டிய கட்டாயம் இல்லை. அவற்றின் பதிப்புரிமைக் குறிப்பையும் உரிம வாசகத்தையும் மட்டும் நீக்காமல் உடன் கொடுங்கள்.