வோல்டேஜை 1.45 வைக்கலாமா?

கேள்வி: என்னிடம் ரைசன் 5 5600எக்ஸ் பிராசசர், பி550 மதர்போர்டு, பெட்டியோடு வந்த கூலர் இருக்கிறது. ஆறு கோரும் 4.6 கிகாஹெர்ட்ஸில் ஓட வோல்டேஜை 1.45 வைக்கச் சொல்கிறான் நண்பன். வைக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். ஆட்டோவில் விட்டிருக்கும்போதும் 1.4க்கு மேல் காட்டுகிறதே என்று நண்பர் நினைத்திருப்பார். அது லேசான வேலையில், ஒன்றிரண்டு கோர் மட்டும் ஓடும்போது சிப்பே அளந்து கொடுப்பது. அதே அளவைக் கையால் பூட்டிவிட்டு ஆறு கோரையும் முழு வேலையில் விட்டால் கதை வேறு. மின்செலவு வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும், அதாவது வேகத்தைத் தொடாமல் 1.25இலிருந்து 1.4க்குப் போனாலே சுமார் 25 சதவீதம் கூடுதல் சூடு. அந்தச் சின்னக் கூலர் பாவம், என்ன செய்யும்? இந்தச் சிப்பின் உச்சவரம்பு 95 டிகிரி.

முதலில் நல்ல டவர் கூலர் வாங்குங்கள். அப்புறம் பயாஸில் (மதர்போர்டின் செட்டிங்ஸ் திரை) பிபிஓவை, அதாவது சிப் தானே வேகத்தைக் கூட்டிக்கொள்ள விடும் வசதியை இயக்கி, வோல்டேஜைத் திருத்தும் கர்வ் ஆப்டிமைசரில் எல்லாக் கோருக்கும் மைனஸ் 10 கொடுங்கள். வோல்டேஜ் இறங்கும், வேகம் கொஞ்சம் ஏறும், எனக்குப் பிடித்த வழி இதுதான். சினிபெஞ்ச் என்ற சோதனை மென்பொருள் ஓடி முடிந்ததும் குதிக்காதீர்கள், கம்ப்யூட்டர் சும்மா கிடக்கும்போது திடீரென ரீஸ்டார்ட் ஆவதும் இதில் உண்டு. அப்படி ஆனால் மைனஸ் 5 போதும். திரையே வரவில்லையா, பவரைப் பிடுங்கிவிட்டு சிமாஸை (பயாஸ் செட்டிங்ஸ் சேமிக்கப்படும் இடம்) கிளியர் செய்யுங்கள். ஓவர்கிளாக்கால், அதாவது குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவதால் வரும் சேதத்துக்கு ஏஎம்டி வாரண்டி கிடையாது, பிபிஓவும் அதில் சேர்த்திதான்.