கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகுமா?

போகாது. கொதிக்க வைத்தால் கிருமிதான் சாகும். தண்ணீர் ஆவியாகிக் குறையக் குறைய, மிச்சத்தில் ஃபுளோரைடு கொஞ்சம் கூடவே செய்யும். கேண்டில் ஃபில்டரும் இதற்கு உதவாது. ஆர்ஓ சுத்திகரிப்புக் கருவி குறைக்கும்.

தர்மபுரிப் பக்கம், தெருவுக்கே ஒரே போர் தண்ணீர், பிள்ளைகள் பலருக்கும் பல்லில் பழுப்புக் கறை என்கிறீர்கள். அங்கே பாறையிலிருந்தே ஃபுளோரைடு கரைந்து வரும். கறைக்குக் காரணம் அதுதான் என்பதே முதல் சந்தேகம்.

பிளாஸ்டிக் பாட்டிலில் (கண்ணாடி வேண்டாம்) பிடித்து, குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுங்கள். டிடிஎஸ் மீட்டர் தண்ணீரில் கரைந்த உப்புகளின் மொத்த அளவைத்தான் காட்டும், ஃபுளோரைடைத் தனியாகக் காட்டாது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால், அந்தத் தண்ணீர் குளிக்க, துவைக்க மட்டும். குடிக்கவும் உலை வைக்கவும் ஒகேனக்கல் குழாய்த் தண்ணீர் வரும்போது பிடித்து வையுங்கள்.

ஏற்கெனவே விழுந்த கறை தண்ணீரை மாற்றினாலும் மறையாது. கைக்குழந்தை இருக்கும் வீடுகள் முதலில் தண்ணீரை மாற்றட்டும்.