அக்கா வாங்கிக் கொடுத்த நாற்காலி

கேள்வி: எனக்கு வயது 29. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மாதிரி, நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டிக் கதை சொல்லி ஆடும் விளையாட்டுப் புத்தகங்களுக்குப் படம் வரையும் ஃப்ரீலான்ஸர். ஆறு வருடமாகியும் நிலையான வருமானம் இல்லை. அமெரிக்காவில் ஒரு சிறு பதிப்பாளர் 7 படங்களுக்கு 1,050 டாலர் தரவேண்டும். ஐந்து மாதமாகிவிட்டது. அழுத்திக் கேட்டால் அடுத்த வேலை தரமாட்டாரோ என்று சும்மா இருக்கிறேன். அக்கா சீட்டு எடுத்து வாங்கிக் கொடுத்த நாற்காலியில் பதினான்கு மணி நேரம் உட்கார்ந்தும் முதுகு வலிதான் மிச்சம். அக்கா ஜவுளிக்கடையில் வேலை பார்ப்பதால் வீடு ஓடுகிறது. அம்மா, 'வேற வேலைக்குப் போ' என்கிறார். டேவிட் டிராம்பியர் போன்ற மேதையே கடைசியில் டாக்ஸி ஓட்டினார். கலைஞனுக்கு இதுதான் விதியா?

- பெயர் வேண்டாம், கும்பகோணம்

பதில்: விதியை அப்புறம் பார்க்கலாம் தம்பி. முதலில் அந்த நாற்காலி.

இந்தக் கடிதத்தைப் பல வருடமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். முன்பெல்லாம் உதவி இயக்குநர்கள் எழுதுவார்கள், பிறகு பாட்டெழுத வந்தவர்கள், இப்போது டிராகன் வரைபவர்கள். எல்லாக் கடிதத்திலும் ஓர் அக்காவோ மனைவியோ ஒரு வரியில் தலைகாட்டிவிட்டுப் போய்விடுவார்.

சீட்டு எடுப்பது என்றால் என்னவென்று தெரியுமா? நடுவில் ஏலம் கேட்டு எடுத்தால் கழிவு போகத்தான் பணம் கைக்கு வரும். தவணையை மட்டும் கடைசி மாதம் வரை கட்டியாக வேண்டும். நீங்கள் உட்கார்ந்திருப்பது அந்தத் தவணையின் மேல். கட்டுகிறவளோ ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கிறாள். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தரவேண்டும் என்று நம் மாநிலத்தில் சட்டம் திருத்தியதே 2021-ல்தான். உங்கள் முதுகைப் பற்றி எழுதினீர்கள். அவள் கால்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

டிராம்பியரைத் துணைக்கு அழைக்கிறீர்கள். 1978-ல் வந்த, டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விதிப் புத்தகமான 'ப்ளேயர்ஸ் ஹேண்ட்புக்' அட்டையில், சிலையின் கண்ணிலிருந்து ரத்தினத்தைப் பெயர்க்கும் திருடர்களை வரைந்தவர். 1988 வாக்கில் துறையை விட்டே ஒதுங்கி, இல்லினாய் மாநிலத்தில் டாக்ஸி ஓட்டினார், 2014-ல் காலமானார். சோகம்தான். ஆனால் டாக்ஸியை அவரேதான் ஓட்டினார். அக்காவை ஓட்டவிட்டுப் பின்சீட்டில் உட்கார்ந்து படம் வரையவில்லை.

இன்னொருவர் உங்கள் நினைவுக்கு வரவில்லை பாருங்கள். லாரி எல்மோர். 1983-ல் அதே விளையாட்டு வந்த சிவப்புப் பெட்டியின் மேல் இருக்கும் டிராகன் அவர் கைவண்ணம். அதை வரைந்தபோது அவர் ஃப்ரீலான்ஸர் இல்லை, அந்த விளையாட்டை வெளியிட்ட டி.எஸ்.ஆர் கம்பெனியில் சம்பளக்காரர். 1981-ல் சேர்ந்தவர், 1987-ல்தான் தனியாகப் போனார். சம்பளம் வாங்கினால் கலை செத்துவிடும் என்று யாராவது சொன்னால் அந்த டிராகனைக் காட்டுங்கள். பெங்களூருவில் வீடியோ கேம் ஸ்டுடியோக்கள் ஓவியர்களைச் சம்பளத்துக்கு வைத்திருக்கின்றன. ஆறு வருடத்தில் ஒன்றுக்காவது விண்ணப்பித்தீர்களா? அம்மா சொல்வதில் என்ன தப்பு?

சரி, அந்த 1,050 டாலர். முகம் தெரியாத ஒருவரிடம் வேலை செய்த கூலியைக் கேட்கக் கூச்சம். மாதாமாதம் அக்கா சம்பளத்தில் சாப்பிடக் கூச்சமில்லை. அந்தப் பணம் உங்களுடையது என்று நினைப்பதால்தான் இப்படித் தாராளமாக விட்டுவைக்கிறீர்கள். அது அவளுடைய பணம். அதை விட்டுக்கொடுக்க நீங்கள் யார்?

ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். புத்தகம் வெளியான பிறகுதான் பணம் என்றிருந்தால், வெளியிடும் தேதியும் உங்கள் அடுப்பும் அவர் கையில் இருக்கின்றன. இனி அப்படிக் கையெழுத்துப் போடாதீர்கள். ஸ்கெட்ச் ஓகே ஆனதும் பாதி, ஃபைனல் கொடுக்கும்போது மீதி, படத்தை நடுவில் வேண்டாம் என்றால் அதற்கும் ஒரு தொகை. இந்தத் தொழிலில் பெரும்பாலும் படத்தின் உரிமையைப் பதிப்பாளரே மொத்தமாக எழுதி வாங்கிக்கொள்கிறார். கேன்வாஸில் வரைகிறவருக்காவது அசல் ஓவியம் மிஞ்சும், ரசிகர் யாராவது வந்து வாங்குவார். டேப்லெட்டில் வரையும் உங்களுக்கு என்ன மிஞ்சும்? பேசிய கூலி மட்டும்தான்.

இன்றே மெயில் அனுப்புங்கள். எந்தெந்தப் படம், எந்தத் தேதியில் கொடுத்தது, எவ்வளவு பாக்கி, எந்தத் தேதிக்குள் வேண்டும் என்று நாலு வரி போதும். மன்னிப்புக் கேட்டு ஆரம்பிக்காதீர்கள். அடுத்த வேலை தரமாட்டார் என்றால், காசு தராத வேலைதானே, போகட்டும்.

ராத்திரி அக்கா கடையிலிருந்து வந்ததும் சீட்டுக்கு இன்னும் எத்தனை தவணை பாக்கி என்று கேளுங்கள். உங்களுக்கு அது தெரியாது என்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது.