கேள்வி–பதில்: ‘செஷயர் இல்லம்’ என்ற பெயருக்கு உரியவர்

கேள்வி: எங்கள் ஊரில் உடல் ஊனமுற்றோருக்கான செஷயர் இல்லம் இருக்கிறது. அந்தப் பெயருக்கு உரியவர் ஒரு போர் விமானி என்றும், நாகசாகியில் அணுகுண்டு வெடித்ததை நேரில் கண்டு மனம் வருந்தித் தொண்டில் இறங்கினார் என்றும் ஒரு சொற்பொழிவில் கேட்டேன். இது உண்மையா?
– வாசகி, கோவை

பதில்: விமானி என்பதும் நாகசாகி வெடிப்பைப் பார்த்தார் என்பதும் உண்மை, மனம் வருந்தினார் என்பது மேடைக்காகச் சேர்த்த பகுதி. லியோனார்டு செஷயர் 1945 ஆகஸ்ட் 9 அன்று பிரிட்டிஷ் அரசின் பார்வையாளராக ஓர் அமெரிக்க விமானத்தில் அமர்ந்திருந்தார். அந்த விமானம் குண்டு ஏந்திய விமானத்தோடு சேர வேண்டிய இடத்தில் சேரத் தவறியதால், வெடிப்பை வெகு தொலைவிலிருந்தே அவர் கண்டார். அந்தக் குண்டுதான் போரை முடித்தது, முடித்ததால் பல உயிர்கள் தப்பின என்பது கடைசிவரை அவர் கொண்டிருந்த கருத்து; 1980களில் அதை நியாயப்படுத்தி நூலே எழுதினார். அந்தக் கருத்தை நாம் ஏற்கலாம், மறுக்கலாம். ஆனால் அவர் சொல்லாத வருத்தத்தை அவர் வாயில் வைக்கக் கூடாது. (கலிங்கப் போரும் அசோகரும் நம் பாடப் புத்தகங்களில் ஆழப் பதிந்திருப்பதால், வீரர் தொண்டரானால் நடுவில் ஒரு மனமாற்றக் காட்சியை நாமே எதிர்பார்க்கிறோம் போலும்.)

உண்மையில் நடந்தது இதைவிடச் சிக்கலானது. 1946 தொடக்கத்தில் பிரிட்டிஷ் விமானப் படையை விட்டு வந்தவர், தம்மைப் போலவே போர் முடிந்து திசை தெரியாமல் நின்ற முன்னாள் வீரர்கள் கூடி வாழ்ந்து உழைக்கும் குடியிருப்பு ஒன்றைத் தொடங்கினார். நிர்வாகம் சரியில்லாமல் அது கடனில் மூழ்கிக் கலைந்தது. இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் லெ கோர்ட் என்ற பெரிய பழைய மாளிகை மட்டும் அவர் கையில் மிஞ்சியது. 1948இல் அந்தக் குடியிருப்பில் முன்பு இருந்த ஒருவர் புற்றுநோயால் மருத்துவமனையில் கிடந்தார். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, அழைத்துப் போங்கள் என்று மருத்துவமனை கைவிரித்தபோது, அவரை ஏற்க வேறு யாரும் இல்லை. செஷயர் அவரைத் தம் வீட்டுக்குக் கொண்டுவந்து, உணவு சமைத்து, படுக்கை விரிப்புகளைத் துவைத்து, சில மாதங்களில் அவர் இறக்கும்வரை தாமே பார்த்துக்கொண்டார். செய்தி பரவி, போக்கிடமற்ற வேறு நோயாளிகளும் வந்து சேர்ந்தார்கள்; இப்படித்தான் லெ கோர்ட் முதல் செஷயர் இல்லமானது. அதே ஆண்டு கிறிஸ்துமஸ் தருணத்தில் அவர் கத்தோலிக்கத் திருச்சபையில் இணைந்தார்.

கேள்வி: போர்க்காலத்தில் அவர் செய்தது என்ன? விக்டோரியா கிராஸ் எதற்காகக் கிடைத்தது?
– வாசகர், தாம்பரம்

பதில்: பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான அது பெரும்பாலும் ஒரே ஒரு செயலுக்காகத் தரப்படுவது, செஷயருக்கு 1944 செப்டம்பரில் அது நான்கு ஆண்டுகள் தொடர்ந்து காட்டிய துணிவுக்காகத் தரப்பட்டது. நூறு தாக்குதல்களுக்குப் பறந்து உயிரோடு இருந்த குண்டுவீச்சு விமானிகள் அன்று மிக அரிது. 25 வயதிலேயே குரூப் கேப்டன் ஆனவர், அந்தப் பதவி மேசை வேலையில் முடக்கியதால், விங் கமாண்டராகப் பதவி இறங்கி 1943இல் 617ஆம் ஸ்குவாட்ரன் என்ற குண்டுவீச்சு விமானப் பிரிவின் தலைமையை ஏற்றார். தாழப் பறந்து இலக்கின் மேல் அடையாளத் தீப்பந்தங்களை இட்டு, பின்னால் வரும் விமானங்களுக்கு வழிகாட்டும் முறையை அங்கே தேர்ச்சியாக்கினார்.

1944 பிப்ரவரியில் பிரான்சின் லிமோஷ் நகரில், ஜெர்மானியருக்காக இயங்கிய ஒரு விமான எஞ்சின் தொழிற்சாலையைத் தாக்க வேண்டியிருந்தது. உள்ளே வேலை செய்தவர்கள் பிரெஞ்சு மக்கள், அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். செஷயர் தம் லங்காஸ்டர் விமானத்தைக் கூரைக்குச் சற்று மேலே பலமுறை ஓட்டி, அவர்கள் வெளியேறி ஓட அவகாசம் தந்த பிறகே இலக்கைக் குறித்தார். ஆனால் அவர் பறந்த மற்ற பல இரவுகளில் கீழே இருந்தவை மக்கள் உறங்கும் ஜெர்மானிய நகரங்கள். லிமோஷை மட்டும் சொல்லி அவற்றை விட்டுவிடுவது நேர்மையாகாது.

அரண்மனையில் பதக்கம் வாங்கிய நாளில் உடன் இருந்தவர் நார்மன் ஜாக்சன் என்ற கீழ்நிலை வீரர். இவர் என்னைவிடத் துணிந்தவர், இவருக்கே முதலில் தர வேண்டும் என்று செஷயர் மன்னரிடம் சொன்னதாக ஜாக்சன் பின்னாளில் நினைவுகூர்ந்தார். மரபு அதற்கு இடம் தரவில்லை.

கேள்வி: இந்தியாவோடு அவருக்கு என்ன தொடர்பு? அவர் நடத்திய இல்லங்களைப் பற்றிக் குறை ஏதும் சொல்லப்பட்டதுண்டா?
– வாசகர், பெங்களூரு

பதில்: 1952 முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் காசநோய்க்காகப் படுக்கையில் கிடந்து எழுந்தவர், உடல் தேறியதும் இந்தியாவுக்கு வந்தார், 1950களின் நடுப்பகுதியில் பம்பாயில் ஓர் இல்லம் தொடங்கப்பட்டது. 1959இல் அதே பம்பாயில், போரால் வீடிழந்தோருக்காகப் பணியாற்றிக்கொண்டிருந்த சூ ரைடரை மணந்தார். இருவரும் சேர்ந்து டேராடூனில் தொழுநோயாளிகளுக்கும் மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கும் ‘ரபேல்’ என்ற நிலையத்தை உருவாக்கினார்கள். உங்கள் பெங்களூரில் இருக்கும் இல்லமும் இந்த வரிசையில் வந்ததே. 1991இல் அவர் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபையின் உறுப்பினரானார். 1992 ஜூலை 31 அன்று தசைகளை இயக்கும் நரம்புகள் படிப்படியாகச் செயலிழக்கும் மோட்டார் நியூரான் நோயால் இறந்தார்.

குறை சொல்லப்பட்டது, சொன்னவர்கள் இல்லவாசிகளே என்பதால் அதற்குக் கூடுதல் மதிப்பு உண்டு. லெ கோர்ட்டில் 1960களில் வாழ்ந்தவர்கள், எப்போது உறங்குவது என்பது உட்பட தங்கள் அன்றாட வாழ்வை நிர்வாகம் தீர்மானிப்பதை எதிர்த்தார்கள். நிர்வாகக் குழுவில் தங்களுக்கும் இடம் கேட்டார்கள். அவர்களில் ஒருவரான பால் ஹன்ட், 1972இல் ‘கார்டியன்’ நாளேட்டுக்கு எழுதிய கடிதத்தில், தனித்த இல்லங்களில் ஒதுக்கப்பட்டுக் கிடப்போர் ஒன்றுசேர வேண்டும் என்று அழைத்தார். அந்தக் கடிதத்திலிருந்து பிறந்த அமைப்பு, உடற்குறையைவிடச் சமூகம் எழுப்பும் தடைகளே ஊனத்தை உண்டாக்குகின்றன என்று வாதிட்டது. பிரிட்டனின் ஊனமுற்றோர் உரிமை இயக்கத்துக்கு அதுவே முக்கிய ஊற்றுகளில் ஒன்றானது. செஷயரின் வாழ்க்கையை எழுதுகிறவர்கள் பலர் இந்தப் பகுதிக்கு வரும்போது பக்கத்தை வேகமாகப் புரட்டிவிடுகிறார்கள். என் கணிப்பில், பதக்கத்துக்குத் தருகிற இடத்தில் பாதியாவது இதற்கும் தர வேண்டும்.