பக்கத்து வீட்டுப் பொங்கல், ஜாமீன் கையெழுத்து, சர்க்கரை மாத்திரை: வேதம் என்ன சொல்கிறது? (கேள்வி பதில்)

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். வந்த கேள்விகள் எல்லாமே வீட்டுக்குள் நடக்கிற விஷயங்கள். அதில் எனக்குச் சந்தோஷம்தான். வசனங்களைப் பழைய திருப்புதலிலிருந்தே (பழைய தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பு) சொல்கிறேன். வேதம் நேராகச் சொல்லாத இடத்தில் நான் சொல்வது என் கருத்து மட்டுமே. அதை அந்தந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: அக்கா, எங்கள் காம்பவுண்டில் நாங்கள் ஒரு குடும்பம்தான் கிறிஸ்தவர்கள். பொங்கலுக்கும் பிள்ளையார் சதுர்த்திக்கும் பக்கத்து வீட்டம்மா தூக்குவாளியில் கொண்டுவந்து தருவார்கள். என் மாமியார் வாங்கி, அவர்கள் போனதும் குப்பையில் கொட்டிவிடுகிறார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. சாப்பிடலாமா, கூடாதா?

இந்தக் கேள்வி கொரிந்து சபையிலேயே வந்துவிட்டது. பவுல் 1 கொரிந்தியர் 8 முதல் 10 வரை மூன்று அதிகாரம் எழுதுகிறார். அவற்றை முழுசாக வாசிக்காமல் ஆளுக்கு ஒரு வசனத்தைப் பிடித்துக்கொள்வதால்தான் வீட்டில் சண்டை வருகிறது.

பவுல் மூன்று சூழ்நிலைகளைப் பிரித்துச் சொல்கிறார். கோவிலுக்குள் போய் அந்தப் பூஜையில் பங்கெடுத்துச் சாப்பிடுவது கூடாது (10:21). கடையில் விற்பதை வாங்கும்போது ஒன்றையும் விசாரிக்க வேண்டாம் (10:25). அவிசுவாசி ஒருவர் வீட்டுக்கு அழைத்து, போக மனதிருந்தால் போய், முன்னால் வைப்பதைச் சாப்பிடுங்கள் (10:27). ஆனால் "இது படைத்தது" என்று ஒருவர் சொல்லிவிட்டால், சொன்னவருக்காகவே சாப்பிடாதிருங்கள் (10:28). அடுத்த வசனத்தைக் கவனியுங்கள்: உன் மனச்சாட்சியை அல்ல, மற்றவனுடைய மனச்சாட்சியைக் குறித்தே சொல்லுகிறேன் என்கிறார்.

ஆகவே அந்தம்மா வெறுமனே "பொங்கல் வச்சோம், பிள்ளைகளுக்குக் குடுங்க" என்று நீட்டினால் வாங்கிச் சாப்பிடுங்கள். "சாமிக்குப் படைச்சது, பிரசாதம்" என்று சொன்னால், வாசலிலேயே முகம் மலர்ந்து, "அக்கா, படைச்சதை நாங்க சாப்பிடுறதில்லை, தப்பா நினைக்காதீங்க. படைக்கிறதுக்கு முன்னாடி எடுத்து வச்சீங்கன்னா உரிமையா வாங்கிப்பேன்" என்று சொல்லுங்கள். பெரும்பாலான அம்மாக்கள் அடுத்த வருஷம் அப்படியே தனியாக எடுத்து வைப்பார்கள். வாங்கிக்கொண்டு குப்பையில் கொட்டுவது மட்டும் வேண்டாம், அது பொய்யான மரியாதை. அந்தம்மா கண்ணில் ஒருநாள் பட்டுவிட்டால், அதன்பிறகு நீங்கள் சொல்லும் சுவிசேஷம் எதையும் அவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். மாமியாரிடம் சண்டை போடாமல் அந்த மூன்று அதிகாரத்தையும் குடும்ப ஜெபத்தில் சேர்ந்து வாசியுங்கள். அதற்குப் பிறகும் அவருக்கு மனச்சாட்சி உறுத்தினால் அவரைக் கட்டாயப்படுத்தாதீர்கள். ரோமர் 14 அப்படி உறுத்தல் உள்ளவர்களுக்கும் இடம் கொடுக்கிறது.

கேள்வி: ஐக்கிய சங்கத்தில் கூட இருக்கும் ஒரு சகோதரரின் பேங்க் லோனுக்கு ஜாமீன் கையெழுத்துக் கேட்கிறார். "கேட்கிறவனுக்குக் கொடு" என்று மத்தேயு 5:42-ஐக் காட்டுகிறார். மறுத்தால் பாவமா?

பாவமில்லை தம்பி. 5:42 உங்களிடம் இருப்பதைக் கொடுக்கச் சொல்கிறது. இல்லாததை வாக்குக்கொடுக்கச் சொல்லவில்லை. பிணைப்படுவதைப் பற்றி நீதிமொழிகள் தனியாகவே பேசுகிறது, ஒரு தடவையல்ல: 6:1-5, 11:15, 17:18, 22:26-27. கடைசியில் சொன்ன இடத்தில் காரணமும் இருக்கிறது. செலுத்த உனக்கு ஒன்றுமில்லாவிட்டால் நீ படுத்திருக்கும் படுக்கையையும் எடுத்துக்கொண்டு போவான் என்கிறது.

நம் நாட்டுச் சட்டமும் இதே இடத்தில்தான் நிற்கிறது. 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதியிருந்தால் தவிர, கடன் வாங்கினவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. "சும்மா ஒரு ஃபார்மாலிட்டிதான்" என்று சொல்லிக் கையெழுத்து வாங்குவார்கள். ஃபார்மாலிட்டிக்காக எந்த பேங்கும் உங்கள் சம்பளச் சான்றிதழைக் கேட்காது.

வேதத்தில் பிணை நின்ற நல்ல மனுஷரும் உண்டு. பென்யமீனுக்காக யூதா நின்றான். அடிமையாகிய ஒநேசிமு உமக்குக் கடன்பட்டிருந்தால் என் கணக்கிலே வைத்துக்கொள்ளும் என்று பவுல் பிலேமோனுக்கு எழுதினார், "நானே அதைச் செலுத்தித் தீர்ப்பேன்" என்று தன் கைப்பட. இருவரும் கட்டவேண்டியது தாங்கள்தான் என்று தெரிந்தே நின்றவர்கள். நீங்களும் அப்படி, முழுத் தொகையையும் நானே கட்டுவேன் என்று மனைவியோடு உட்கார்ந்து பேசி முடிவெடுக்க முடியுமானால் கையெழுத்துப் போடுங்கள். முடியாதென்றால், திரும்பி வராவிட்டாலும் உங்கள் வீடு தள்ளாடாத ஒரு தொகையைக் கையில் கொடுத்து, "இதுதான் என்னால் ஆனது, இது கடனில்லை" என்று சொல்லுங்கள். திரும்பக் கிடைக்கும் என்று எதிர்பாராமல் கடன்கொடுங்கள் என்கிற லூக்கா 6:35-க்கு அதுதான் கிட்டே வரும்.

கேள்வி: புதுவருஷ ஆராதனையில் எங்களுக்கு எரேமியா 29:11 வாக்குத்தத்த அட்டை வந்தது. மகன் இரண்டாவது தடவையாக நீட் எழுதி மார்க் வரவில்லை. வாக்குத்தத்தம் பொய்யா, எங்கள் விசுவாசம் குறைவா என்று வீட்டுக்காரர் கேட்கிறார்.

இரண்டும் இல்லை. அந்த வசனம் ஒரு கடிதத்தின் நடுவில் இருக்கிறது. எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைபிடிக்கப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதியது. அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி இரண்டு வருஷத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்கிறான். ஜனங்களுக்கு அது இனித்தது. கர்த்தர் சொன்னதோ 70 வருஷம் (29:10). அந்தக் கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் அநேகர் எருசலேமைத் திரும்பப் பார்த்திருக்கவே மாட்டார்கள். அவர்களுக்குத்தான் "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்று சொல்லப்பட்டது. அதுவரைக்கும் என்ன செய்வது? வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள், இருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் (29:5-7).

அட்டையை வைத்திருங்கள், ஆனால் அந்த அதிகாரம் முழுவதையும் மகனோடு உட்கார்ந்து வாசியுங்கள். டாக்டர் சீட் கிடைக்கும் என்று கர்த்தர் அதில் எங்கும் வாக்குக் கொடுக்கவில்லை. அவனுக்கு இப்போது வேண்டியது வேறு படிப்புக்கு விண்ணப்பம் போடுவதற்கு அப்பா கூட வருவது. உன் விசுவாசக் குறைவு என்று மட்டும் அந்தப் பிள்ளையிடம் ஒருக்காலும் சொல்லிவிடாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

கேள்வி: ஜெபக்கூட்டத்துக்குப் போனபின் அம்மா சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். மாத்திரை போட்டால் அவிசுவாசம் என்கிறார்கள்.

இன்றைக்கே மறுபடி டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். மற்றதை வழியில் பேசிக்கொள்ளலாம்.

அம்மாவுக்கு 2 இராஜாக்கள் 20-ஐ வாசித்துக் காட்டுங்கள். எசேக்கியா ராஜாவுக்குச் சுகம் தருவேன், 15 வருஷம் கூட்டுவேன் என்று கர்த்தரே சொல்லியாயிற்று. அதற்கு அடுத்த வசனத்தில் ஏசாயா அத்திப்பழத்து அடையைக் கொண்டுவரச் சொல்லி, அதைப் பிளவையின்மேல் பற்றுப்போடுகிறார்கள். வாக்கும் மருந்தும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. தீமோத்தேயுவின் வயிற்றுக்குப் பவுல் கொஞ்சம் திராட்சரசம் சொல்கிறார். துரோப்பீமுவை வியாதியோடேயே மிலேத்துவில் விட்டுவந்தேன் என்று ஒளிக்காமல் எழுதுகிறார். கூடவே ஊழியம் செய்த லூக்கா வைத்தியன். ஆசா ராஜாவைத்தான் எதிர்ப்பக்கத்தில் காட்டுவார்கள் (2 நாளாகமம் 16:12). அவன் கர்த்தரை விட்டுவிட்டுப் பரிகாரிகளையே, அதாவது வைத்தியர்களையே, தேடினான். உங்கள் அம்மா கர்த்தரை விடவில்லையே! ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-இல் வேலூரில் வைத்தியம் தொடங்கியதும் நெய்யூரில் மிஷனரிகள் மருத்துவம் பார்த்ததும் இதே விசுவாசத்தில்தான்.

கேள்வி: (பெயர் வேண்டாம்) கணவர் குடித்துவிட்டு அடிக்கிறார். காலையில் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கிறார். எழுபதுதரம் ஏழுதரம் மன்னிக்க வேண்டும், கீழ்ப்படிய வேண்டும் என்று சபையில் சொல்கிறார்கள். நான் அம்மா வீட்டுக்குப் போனால் பாவமா?

தங்கச்சி, போவது பாவமில்லை. உயிருக்குப் பயம் இருந்தால் யோசிக்காமல் போம்மா.

கீழ்ப்படிதல் என்று எபேசியர் 5:22-ஐச் சொல்கிறவர்கள் 28, 29-ஐயும் சேர்த்துச் சொல்லவேண்டும். தன் மனைவியில் அன்புகூருகிறவன் தன்னில்தான் அன்புகூருகிறான், தன் சொந்த மாம்சத்தைப் பகைத்தவன் ஒருவனும் இல்லை என்று இருக்கிறது. அடிக்கிறவனுக்கு அந்த அதிகாரத்தில் ஒரு வரி கூடத் துணை நிற்காது.

மன்னிப்பு விஷயத்துக்கு 1 சாமுவேல் 26-க்கு வா. சவுல் ராஜா ஈட்டியை எறிந்தபோது தாவீது விலகி, அந்த இராத்திரியே தப்பி ஓடினான் (19:10). பிறகு சவுல் தூங்கும்போது கையில் கிடைத்தும், அவன் ஈட்டியை எடுத்துக்கொண்டானே தவிர அவனைத் தொடவில்லை. அதுதான் மன்னிப்பு. சவுல் அழைக்கிறான்: "நான் பாவஞ்செய்தேன், என் குமாரனாகிய தாவீதே, திரும்பிவா." தாவீது ஈட்டியைத் திருப்பிக் கொடுத்தான், ஆனால் கூடப் போகவில்லை. தாவீது தன் வழியே போனான், சவுல் தன் ஸ்தானத்துக்குத் திரும்பினான் என்று அதிகாரம் முடிகிறது. பழிவாங்காமல் இருப்பது ஒன்று, ஈட்டி எட்டுகிற தூரத்தில் மறுபடி போய் உட்காருவது வேறு. முந்தினதுதான் உனக்குக் கட்டளை.

அவர் மனந்திரும்பியதற்கு அடையாளம் காலையில் காலில் விழுவதல்ல. குடிநோய்க்குச் சிகிச்சை எடுத்து, மாதக்கணக்கில் கைநீட்டாமல் இருப்பதுதான். 181 பெண்கள் உதவி எண். 2005-ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் அந்த வீட்டிலேயே வசிக்கிற உரிமையும் உனக்கு உண்டு, பாதுகாப்பு அலுவலர் மூலம் மனு கொடுக்கலாம். காயத்தை அரசு ஆஸ்பத்திரியில் காட்டிச் சீட்டு வாங்கி வை. சபைப் பெரியவர்கள் இதை வாசித்தால் ஒரு வார்த்தை: அடுத்த தடவை இப்படி ஒரு பெண் வந்தால் அவளை உட்காரவைத்துப் புத்தி சொல்லாதீர்கள். அந்தப் புருஷனைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: தசமபாகம் பிடித்தம் போகக் கையில் வருவதிலா, மொத்தச் சம்பளத்திலா? இந்த மாதம் அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவு வேறு.

புதிய ஏற்பாட்டில் இதற்குக் கணக்கு இல்லை. விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல, மனதில் நியமித்தபடியே கொடுங்கள் என்றுதான் 2 கொரிந்தியர் 9:7 சொல்கிறது. அப்பாவுக்குச் செய்ய வேண்டியதைக் காணிக்கை என்று சொல்லித் தட்டிக்கழிப்பதை இயேசு மாற்கு 7-இல் கடுமையாகக் கண்டித்தார். இந்த மாதம் அப்பாவைப் பாருங்கள். இன்னொன்று, உபாகமம் 14-இல் மூன்றாம் வருஷத்துத் தசமபாகம் லேவியனோடுகூடப் பரதேசிக்கும் திக்கற்றவனுக்கும் விதவைக்கும் போகிறது. அதைப் பற்றிப் பிரசங்கம் அதிகம் கேட்டதில்லை.

கேள்வி: நான் விரும்பும் பெண்ணும் ஞானஸ்நானம் பெற்ற விசுவாசிதான், வேறு சாதி. "அந்நிய நுகத்திலே பிணைக்கப்படாதிருங்கள்" என்று அப்பா சொல்கிறார். பெற்றோரைக் கனம்பண்ண வேண்டாமா?

2 கொரிந்தியர் 6:14 அவிசுவாசியோடு பிணைக்கப்படுவதைப் பற்றியது. சாதிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமுமில்லை. மோசே எத்தியோப்பிய ஸ்திரீயை மணந்ததற்காக மிரியாம் பேசினபோது கர்த்தர் யார்மேல் கோபப்பட்டார் என்று எண்ணாகமம் 12-இல் பாருங்கள். அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு சாப்பிடுவதை விட்டு விலகினபோது பவுல் அவரை எல்லாருக்கும் முன்பாகக் கேட்டார் (கலாத்தியர் 2). ஒரே பந்தியில் உட்காருவதைச் சுவிசேஷத்தின் சத்தியத்தோடு சம்பந்தப்பட்டதாகவே பவுல் பார்த்தார்.

இது நம் சபைகளின் பழைய புண். 1833-லேயே கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேற்றுமை முற்றிலும் ஒழிய வேண்டும் என்று தென்னிந்தியச் சபைகளுக்குக் கடிதம் எழுதினார். இன்றைக்கும் கல்யாண விளம்பரத்தில் 'கிறிஸ்தவ' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் சாதிப்பெயர் நிற்கிறது. எனக்கு அது வேதனை.

அப்பாவைக் கனம்பண்ணுங்கள். ஓடிப்போகாமல், மரியாதை குறையாமல், பொறுமையாகப் பேசுங்கள். உங்கள் ஆயரும் அப்பா மதிக்கிற ஒரு பெரியவரும் கூட இருக்கட்டும். எத்தனை நாள் காத்திருப்பது என்பதை நீங்கள் இருவரும்தான் ஜெபித்து முடிவுசெய்ய வேண்டும். ஆனால் அவர் காட்டுகிற வசனம் தவறு என்று அமைதியாகச் சொல்வது அவமரியாதை ஆகாது.

கேள்வி: நர்ஸ் வேலை. ஞாயிறு டியூட்டி மாறிமாறி வருகிறது. குற்ற உணர்ச்சியாக இருக்கிறது.

18 வருஷம் கூனியாயிருந்த ஸ்திரீயை இயேசு ஓய்வுநாளில்தான் நிமிர்த்தினார் (லூக்கா 13). குற்ற உணர்ச்சி வேண்டாம். ஆனால் உங்களுக்கு ஒரு ஓய்வுநாள் கட்டாயம் வேண்டும். வாரவிடுமுறை எந்தக் கிழமையோ அதில் பாதியையாவது துணி துவைப்பதற்குக் கொடுக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒவ்வொரு ஜனவரியிலும் ஆதியாகமத்தில் தொடங்கி லேவியராகமத்தில் நின்றுவிடுகிறேன். என்ன செய்வது?

மாற்குவில் தொடங்குங்கள். 16 அதிகாரம்தான். பிறகு அப்போஸ்தலர் நடபடிகள், அதன்பின் ஆதியாகமம் முதல் யாத்திராகமம் வரை. லேவியராகமத்துக்கு வந்ததும் முதலில் 19-ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். வயலின் ஓரத்தை ஏழைக்கு விடுவது, செவிடனை நிந்திக்காமலும் குருடன் முன்னே தடுக்கலை வைக்காமலும் இருப்பது, சரியான தராசு, பிறனை நேசிப்பது, எல்லாம் அதில் இருக்கிறது. 13-ஆம் வசனம் கூலிக்காரன் கூலியை விடியற்காலமட்டும் வைத்திருக்கக்கூடாது என்கிறது. அதை வாசிக்கிற அன்றைக்கு, வீட்டு வேலைக்கு வருகிற அம்மாவுக்கு இந்த மாதச் சம்பளம் போய்விட்டதா என்று பார்த்துவிட்டு அடுத்த வசனத்துக்குப் போங்கள்.